விச் போடுற தம்பிக்கு

தம்பி, நீ போன்ல இங்கிலீஷ் பேசினதை டீக்கடை வாசல்ல நின்னு கேட்டேன். நல்லாத்தான் பேசுற. ஆனா மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் ஒரு 'விச்' போடுறியே, அது எதுக்கு? "ஐ வென்ட் டு தி இன்டர்வியூ, விச், ஐ மீன், விச் தி ஹெச்ஆர், விச் ஷீ ஆஸ்க்டு மீ..." டீ மாஸ்டர் ஆத்துறதையே நிறுத்திட்டான். அந்த ஹெச்ஆர் அம்மா என்னதான் கேட்டுச்சுன்னு அவனுக்கு இன்னும் தெரியலை, பாவம்.

கோவிச்சுக்காதே. நான் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசக்காட்டான். திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டுல, அதான் இப்ப பாரதி சாலைங்கிறாங்க, பிளாட்பாரத்துல பழைய புஸ்தகம் விக்கிறவன். படிச்சவங்க தள்ளிவிட்டதை வாங்கி, படிக்கப்போறதா சொல்றவங்களுக்குக் கொடுக்குற யாவாரம். ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் என் கை வழியா எவ்வளவோ போயிருக்கு. எல்லாத்துக்கும் ஒரே அடையாளம்: முன்பக்கம் கொஞ்சம் அழுக்கு, அதுக்கு மேல கசங்காத தாள். ரிலேட்டிவ் ப்ரொநௌன் பாடம் இருக்கே, அது எப்பவும் அந்தக் கசங்காத தாள்லதான் இருக்கும். அந்த ரென் துரை பம்பாயில கல்வி இலாகாவுல இருந்தவரு. 1924-ல 'போ ஜெஸ்ட்'னு பாலைவனப் பட்டாளக் கதை ஒண்ணும் எழுதினாரு, சினிமாவாகூட வந்துச்சு. அதையும் வச்சிருக்கேன். இலக்கணம் வாங்க வர்ற மேன்ஷன் பையன் எவனும் நாவலைத் திரும்பிப் பார்க்கிறதில்லை. நாவலைப் படிச்சிருந்தா இலக்கணம் பாதி வந்திருக்கும்னு நான் சொல்றதுமில்லை. சொன்னா யாவாரம் கெட்டுப்போகும்ல.

சரி, விஷயத்துக்கு வா. உனக்கு ஹூ, விச், தட் தெரியாதுன்னு நான் சொல்லலை. தமிழ் ரொம்ப நல்லாத் தெரிஞ்சிருக்கு, அதான் உனக்கு இடைஞ்சல். இதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லு: "நேத்து சாயங்காலம் ஐஸ்அவுஸ் பக்கத்துல என் மேல சைக்கிளை விட்ட பையனோட அப்பாவுக்குக் கடன் கொடுத்த சேட்டு."

சொன்னியா? சேட்டு எங்க வர்றாரு? கடைசியில வர்றாரு. அதுவரைக்கும் கேக்குறவன் சும்மா இருப்பான். யாரைப் பத்தின பேச்சுன்னு தெரியாமலே "ம்... ம்..."னு கொட்டிக்கிட்டு இருப்பான். தமிழ்க்காரனுக்கு அந்தப் பொறுமை தாய்ப்பாலோட வந்தது. இங்கிலீஷ்காரன்கிட்ட அது நடக்காது. அவனுக்கு முதல்ல சேட்டைக் காட்டியாகணும். "தி சேட் ஹூ லென்ட் மணி டு தி ஃபாதர் ஆஃப் தி பாய் ஹூ ஹிட் மீ வித் ஹிஸ் சைக்கிள் நியர் ஐஸ்அவுஸ் யெஸ்டர்டே ஈவினிங்." நம்ம வாக்கியத்தைக் கடைசியிலேர்ந்து பின்னாடியே நடந்து வந்தா, கிட்டத்தட்ட அவன் வாக்கியம்.

நம்ம பார்த்தசாரதி கோயில் புறப்பாடு பார்த்திருக்கியா? பார்த்திருக்க மாட்ட, அந்நேரம் தூங்கிக்கிட்டு இருப்ப. பெருமாளுக்கு முன்னாடி பிரபந்த கோஷ்டி போகும், பின்னாடி வேத கோஷ்டி வரும். தமிழ் முன்னாடி, வடமொழி பின்னாடி. நடுவுல சாமி. வாக்கியத்துலயும் அப்படித்தான். பேர்ச்சொல்தான் சாமி. தமிழ்ல சொல்ற சேதி அத்தனையும் அதுக்கு முன்னாடி போயிடும். இங்கிலீஷ்ல அத்தனையும் பின்னாடி வரும். நீ என்ன பண்ற, சாமியை மண்டபத்துலயே விட்டுட்டு முன்கோஷ்டியை மட்டும் தெருவுல கிளப்பிடுற. "யெஸ்டர்டே ஈவினிங், நியர் ஐஸ்அவுஸ், ஒன் பாய், விச், ஹிஸ் ஃபாதர்..." சேட்டு வெளிய வரவே மாட்டேங்குறாரு. அதுனால முதல்ல பேரைச் சொல்லிடு. யாரைப் பத்தி, எதைப் பத்தின்னு அதை வெளிய விட்டுட்டு, அப்புறம் நிதானமா ஹூவைப் பிடி. மனுசன்னா ஹூ, பொருள்னா விச், ரெண்டுக்கும் பொதுவா தட். இது மூணாங்கிளாஸ் சேதி, அதுல உனக்குக் குழப்பம் கிடையாது.

இந்த முன்பின் சமாச்சாரத்தை 1856-லயே அச்சுல போட்டவர் எங்க தெக்கத்திச் சீமையில, இடையன்குடியில இருந்த கால்டுவெல் ஐயர். மெட்ராஸ்லேர்ந்து நீலகிரி வழியா நடந்தே திருநெல்வேலிச் சீமைக்குப் போன மனுசன். இந்தத் தென்னாட்டு பாஷைகள்ல ஹூ, விச் மாதிரி தனிச்சொல்லே கிடையாது, வினைச்சொல்லையே வளைச்சு அந்த வேலையை வாங்கிடுறாங்கன்னு எழுதி வச்சாரு. பெயரெச்சம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அதான். நமக்கு மட்டும்தான் இந்தக் கொடுப்பினைன்னு நினைச்சுக்காதே. ஜப்பான்காரனும் சேதியை முன்னாடி வச்சுட்டுத்தான் பேரைச் சொல்வான். அவனும் இங்கிலீஷ் படிக்கப்போனா உன்னை மாதிரியேதான் முழிப்பான். அதுக்காக நீங்க ரெண்டு பேரும் சங்கம் வைக்கவேண்டாம்.

ஆனா வாலாஜா மசூதிப் பக்கம் இருக்கிற பாய் வீட்டுப் பிள்ளைகளைக் கவனி. ஹூ அவங்களுக்குச் சீக்கிரம் வரும். உருதுல 'ஜோ'ன்னு ஒண்ணு கையில இருக்கு, அதை வச்சு ஒப்பேத்திடுவாங்க. அவங்களுக்கு வேற வம்பு. "விச் புக் ஐ பாட், தட் இஸ் லாஸ்ட்"னு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு கொக்கி போட்டுடுவாங்க. ஒரே தெரு, ரெண்டு வீட்டுல ரெண்டு விதத் தப்பு. வாத்தியார் ஒரே சிவப்பு மையில ரெண்டையும் அடிச்சிடுறாரு.

இப்ப உன்னோட உண்மையான வியாதிக்கு வர்றேன். 'சாப்பிட்ட'ன்னு ஒரு சொல்லை எடுத்துக்கோ. சாப்பிட்ட பையன். சாப்பிட்ட இட்லி. சாப்பிட்ட இலை. சாப்பிட்ட கை. சாப்பிட்ட இடம். சாப்பிட்ட காசு. சாப்பிட்ட மயக்கம். ஏழு இடத்துலயும் சொல் ஒண்ணுதான், ஒரு எழுத்து மாறலை. ஆனா பையன் சாப்பிட்டான்; இட்லியைச் சாப்பிட்டான்; இலையில சாப்பிட்டான்; கையால சாப்பிட்டான். இந்த 'ஐ', 'ல', 'ஆல' எல்லாம் எங்க போச்சு? நம்ம ஆளு முழுங்கிட்டான். இலையை யாரும் தின்னமாட்டாங்க, மாடு தவிரன்னு கேக்குறவனுக்குத் தெரியும்கிற தைரியம். தொல்காப்பியக்காரரே இதைக் கவனிச்சு, செஞ்ச ஆளு, செய்யப்பட்ட பொருள், இடம், காலம், கருவி, அந்தச் செயல்னு ஆறு விதமான பேரோட பெயரெச்சம் சேரும்னு பிரிச்சு வச்சிட்டாரு. சாப்பிட்ட காசையும் மயக்கத்தையும் அந்த ஆறுல எங்க சேர்க்கிறதுன்னு புலவருங்க சண்டை போடட்டும். மெஸ்காரருக்குக் காசு வந்தாப் போதும்.

இங்கிலீஷ்ல இந்த முழுங்கல் நடக்காது. தி பாய் ஹூ ஏட். சரி. தி இட்லி ஹீ ஏட். சரி. இலைக்கு வந்தா, தி லீஃப் ஹீ ஏட்-னு நிறுத்தினேன்னா, பையன் இலையைத் தின்னுட்டான்னு ஆயிடும். தி லீஃப் ஹீ ஏட் ஆஃப். அந்தக் கடைசி 'ஆஃப்' இருக்கே, அதான் பையனோட மானத்தைக் காப்பாத்துது. கைக்கு, தி ஹேண்ட் ஹீ ஏட் வித். 'வித்' விட்டுப்போச்சுன்னா சங்கதி போலீசு வரைக்கும் போயிடும். காசுக்கு வேற பாதை, தி மணி ஃபார் வாட் ஹீ ஏட். மயக்கத்துக்கு நேரா ஒண்ணும் கிடையாது, சுத்தி வளைச்சுத்தான் சொல்லணும். அவங்க ஊர்ல மத்தியானம் இலை போட்டுச் சாப்பிட்டுப் படுக்கிற வழக்கம் இல்லை, என்ன பண்ணுவாங்க.

நீ தினமும் பேசுறதுல இந்த வாலைத்தான் தொலைக்கிற. "தி பஸ் ஐ கேம்." நான் வந்த பஸ்ஸை அப்படியே இறக்கி வச்சுட்ட. தி பஸ் ஐ கேம் இன். "தி மேன்ஷன் ஐ ஸ்டே." தி மேன்ஷன் ஐ ஸ்டே இன். "தி பென் ஐ ரைட்." தி பென் ஐ ரைட் வித். "தி கம்பெனி ஐ அப்ளைடு." தி கம்பெனி ஐ அப்ளைடு டு. இன்டர்வியூவுல உன் எதிர்ல உக்காந்திருக்கிற ஆளுக்கு உன் விச்செல்லாம் பெருசா உறுத்தாது. இந்தச் சின்ன 'இன்'னும் 'டு'வும் இல்லாததுதான் அரிசியில கல்லு மாதிரி அகப்படும். ஒரு வழி சொல்றேன். பேரைத் தள்ளி வச்சுட்டு மிச்சத்தைத் தனி வாக்கியமாச் சொல்லிப் பார். ஐ கேம் இன் தி பஸ். 'இன்' வருதா? அப்ப அந்த 'இன்'னை விடாதே, கடைசிவரைக்கும் கூட்டிக்கிட்டு வா. 'வேர்' போட்டா மட்டும் விட்டுடலாம். தி மேன்ஷன் வேர் ஐ ஸ்டே. அங்கே 'இன்' வேலையை வேரே பார்த்துக்கும்.

உங்க டியூஷன் வாத்தியார் சொல்லியிருப்பாரு, வாக்கியத்தை 'இன்'லயும் 'வித்'லயும் முடிக்கக்கூடாது, "இன் விச் ஐ ஸ்டே"ன்னு சொல்லணும்னு. டிரைடன்னு ஒரு கவிராயர் 1672-ல யாரோ எழுதினதைக் குத்தம் கண்டு கிளப்பிவிட்டது. கவிராயருக்குக் கவிராயர் ஆகாது, அது எந்த ஊர்லயும் உண்டு. ஹைகோர்ட்டுல மனு போடுறப்ப 'இன் விச்' எழுதிக்கோ. டீக்கடையில "தி மேன்ஷன் இன் விச் ஐ ஸ்டே"ன்னா, இவன் வாடகை பாக்கிக்குக் கேஸ் நடத்துறான் போலன்னு பக்கத்துல இருக்கிறவன் நகர்ந்து உக்காருவான்.

அன்றாட இங்கிலீஷ்ல இன்னொரு கூத்து இருக்கு. ஹூ, விச், தட் பாதி நேரம் ஆஜரே ஆகாது. தி கேர்ள் ஐ மெட். தி ஷர்ட் ஐ பாட். தி லை யூ டோல்ட் மீ. எங்கயாவது விச் இருக்கா? இல்லை. எப்ப எடுக்கலாம், எப்ப எடுக்கக்கூடாதுன்னு கேப்ப. பேருக்கு அடுத்தாப்ல ஐ, யூ, ஷீ, என் மாமான்னு யாராவது ஆளு வந்து நின்னா, நடுவுல இருக்கிறதைத் தாராளமா எடு. நேரா வினை வந்து நின்னா கை வைக்காதே. "தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்"னு நீ சொல்ற பாரு, அது ஆகாது. அங்கே ஹூ இருந்தே ஆகணும். திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல நின்னு போர்டுகளைப் படிச்சுப் பார். டிக்கெட் இல்லாம போறவங்களைச் சொல்லணும்னா "பாசஞ்சர்ஸ் டிராவலிங் வித்தவுட் டிக்கெட்"தான். 'ஹூ ஆர்' ரெண்டையும் சுருட்டி எடுத்துட்டாங்க. "வெஹிக்கிள்ஸ் பார்க்டு ஹியர்"லயும் அதே சிக்கனம். நீ மட்டும்தான் இல்லாத இடத்துக்கெல்லாம் விச்சைக் காசு போட்டு வாங்கி ஒட்டிக்கிட்டு இருக்க.

'ஹூம்' பத்தி ரொம்பப் பேசவேண்டாம். வெள்ளைக்காரனே பேச்சுல அதை விட்டுட்டான். நம்ம சர்டிபிகேட்டுல மட்டும் ஜம்முனு உக்காந்திருக்கு. காலேஜ்ல வாங்கின போனஃபைடைப் பார்: டு ஹூம்ஸோஎவர் இட் மே கன்சர்ன். அவன் 'ஹூம்'னு எழுதினான், நாம 'ஸோஎவர்' சேர்த்துக் கொஞ்சம் மீசையை முறுக்கி விட்டுட்டோம். யாருக்குச் சம்பந்தமோ அவருக்குன்னு அர்த்தம். எனக்குத் தெரிஞ்சு அந்தக் காகிதம் சம்பந்தப்பட்டவன் கையில போய்ச் சேர்ந்ததே இல்லை. எல்லாம் என் கடைப் புஸ்தகத்துக்குள்ள பக்க அடையாளமா வந்து சேருது.

அடுத்தது காற்புள்ளி. இது குடும்ப விஷயம், கவனமாக் கேளு. மேன்ஷன்ல ஒருத்தன் லீவு லெட்டர் எழுதினான். "மை வைஃப் ஹூ லிவ்ஸ் இன் மதுரை இஸ் நாட் வெல்." காற்புள்ளி கிடையாது, மூச்சுக்கூட விடலை. அவனோட மேனேஜர் விவரமான ஆளு. கூப்பிட்டு உக்கார வச்சு, "மதுரை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, புரியுது. மத்த ஊர்ல இருக்கிறவங்க சௌக்கியமா?"ன்னு விசாரிச்சாராம். பையன் அழாக்குறை. விஷயம் என்னன்னா, காற்புள்ளி இல்லாம ஹூ போட்டா, பல பேர்ல இன்னாருன்னு பொறுக்கி எடுக்கிறதா ஆயிடும். ரெண்டு பக்கமும் காற்புள்ளி போட்டா, இருக்கிறது ஒருத்திதான், அவ மதுரையில இருக்கான்னு போறபோக்குல சொல்றதா ஆகும். பேச்சுல காற்புள்ளிக்குப் பதிலா ஒரு சின்ன நிறுத்தம். "மை பிரதர்,"னு நின்னு, "ஹூ இஸ் இன் துபாய்,"னு நின்னு, அப்புறம் மேல போ. தமிழ்ல 'மதுரையில இருக்கிற என் பொண்டாட்டி'ன்னா ரெண்டுக்கும் ஒண்ணுதான், கேக்குறவன் நல்லவனா இருந்தா ஒருத்தின்னு எடுத்துப்பான். இங்கிலீஷ்ல நல்லவனை நம்பக்கூடாது, காற்புள்ளியைத்தான் நம்பணும்.

இதுல இன்னொண்ணும் ஞாபகம் வை: காற்புள்ளிக்குப் பின்னாடி தட் வராது. "மை ஃபாதர், தட் இஸ் எ ஃபார்மர்"னு சொல்லிடாதே. பெத்த அப்பனைத் தட்டுங்கிறது எந்த பாஷையிலயும் மரியாதை இல்லை. பொறுக்கி எடுக்கிறதுக்குத் தட், போறபோக்குல சொல்றதுக்கு விச்சுன்னு சுத்தமாப் பிரிச்சுக்கிட்டா என்னன்னு 1926-ல ஃபவுலர்னு ஒரு பெரியவர் யோசனை சொன்னாரு. அவங்க ஊர்லயே எல்லாரும் கேக்கலை. அமெரிக்காக்காரன் அதை வேதமா எடுத்துக்கிட்டான், அதுனாலதான் நீ காற்புள்ளி இல்லாம விச் அடிச்சா கம்ப்யூட்டர் அடிக்கோடு போட்டு முறைக்குது. முறைச்சா முறைச்சுட்டுப் போகுது, பெரிய குத்தமில்லை.

உன் விச்சுக்கு ஒரு நல்ல இடமும் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். முழு வாக்கியத்தையும் சேர்த்துப் பிடிக்கிற விச். "ஹீ பெய்ட் தி ரென்ட், விச் சர்ப்ரைஸ்டு எவ்ரிஒன்." ஆச்சரியப்படுத்தினது வாடகை இல்லை, அவன் கட்டினதுதான் ஆச்சரியம். பேச்சுல இது நல்லா எடுபடும். ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு போதும்.

தமிழ் மீடியம்ங்கிற புலம்பலை என்கிட்ட வைக்காதே. இதே பெரிய தெரு இந்து ஹைஸ்கூல்ல தலைமையாசிரியரா இருந்த சீனிவாச சாஸ்திரியார் வலங்கைமான்காரர். கும்பகோணம் பக்கத்துக் கிராமம், சீமை இல்லை. அவர் பேச்சைக் கேட்டுட்டு வெள்ளைக்காரனே வெள்ளி நாக்குன்னு பேர் வச்சான். அப்புறம் இந்தத் திருவல்லிக்கேணியில குடியிருந்த ராமானுஜம். 1913 ஜனவரியில கேம்பிரிட்ஜ் ஹார்டி துரைக்கு ஒரு காகிதம் எழுதினாரே, அது எப்படி ஆரம்பிக்குது? போர்ட் டிரஸ்ட் கணக்குப் பிரிவு குமாஸ்தா, வருசத்துக்கு 20 பவுண்டு சம்பளம், இத்தனை வயசு, யூனிவர்சிட்டி படிப்பு இல்லை. அந்த முதல் வரிகள்ல ஹூவும் இல்லை, விச்சும் இல்லை. சேதி இருந்துச்சு. நீ அப்ளிகேஷன்ல "ஐ ஆம் எ கேண்டிடேட் ஹூ இஸ் ஹேவிங் தி எக்ஸ்பீரியன்ஸ் விச் இஸ் ஆஃப் டூ இயர்ஸ்"னு எழுதியிருந்தியே, படிச்சேன். "ஐ ஹேவ் டூ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்"னா சம்பளத்தைக் குறைச்சிடுவானா?

கடைசியா ஒண்ணு, இது கொஞ்சம் நுணுக்கம். 'வராத பஸ்'னு சொல்றோம்ல. நேத்து வராத பஸ், எப்பவுமே வராத பஸ், இன்னும் வராத பஸ், இனிமேலும் வராத பஸ். நாலுக்கும் ஒரே 'வராத'. எதிர்மறைப் பெயரெச்சத்துக்குக் காலம் கிடையாதுன்னு தமிழய்யா சொல்லியிருப்பாரு. அதுலயும் ஈறுகெட்டதுன்னு ஒண்ணு உண்டு, அந்தப் பேரைக் கேட்டாலே நீ பள்ளிக்கூடத்துப் பின்வாசல் வழியாப் போயிருப்ப. மெட்ராஸ் ஸ்டாப்பிங்ல நிக்கிறவனுக்கு இது ரொம்ப வசதி, நாலு துக்கத்தையும் ஒரே சொல்லுல தீர்த்துக்கலாம். இங்கிலீஷ்ல ஒவ்வொரு துக்கத்துக்கும் தனித்தனிச் சீட்டு எடுக்கணும். தி பஸ் தட் டிடின்ட் கம், தி பஸ் தட் நெவர் கம்ஸ், தி பஸ் தட் ஹேஸின்ட் கம், தி பஸ் தட் வோன்ட் கம். எதுன்னு முடிவு பண்ணாம வாயைத் திறக்க முடியாது.

சரி, நேரமாச்சு. ரென் அண்ட் மார்ட்டின் எடுத்துக்கிட்டுப் போறேன்னா எடுத்துக்கோ, விச் பாடத்துல தாள் புதுசு, கேரண்டி. இருநூறு ரூபா நோட்டா நீட்டுற? சில்லறை இல்லையே ராசா. மிச்சம் அப்புறம் தர்றேன். அதுவரைக்கும் மேன்ஷன் மாடியில உக்காந்து, 'மீதிச் சில்லறை தராத கிழவன்'கிறதை இங்கிலீஷ்ல சொல்லிப் பழகு. டிடின்ட்டா, ஹேஸின்ட்டா, வோன்ட்டாங்கிறதை நாளைக்கு வந்து கேட்டுத் தெரிஞ்சுக்கோ.